கதைப்பின்னல் பாடத்துக்கு எந்தக் கருவி? கூகுள் ஸ்லைட்ஸ், கேன்வா, பவர்பாயின்ட், பிரெசி: ஓர் ஒப்பீடு

கதைப்பின்னல் பாடத்தை எதில் தயாரிப்பது என்று தமிழாசிரியர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். வகுப்பில் ஸ்மார்ட் போர்டு வந்துவிட்டது, ஆய்வகத்தில் கணினிகள் இருக்கின்றன, பிள்ளைகள் வீட்டில் ஒரு செல்பேசியாவது இருக்கிறது. ஆனால் ஒருவர் கேன்வாதான் அழகு என்கிறார், ஒருவர் கூகுள் ஸ்லைட்ஸ் போதும் என்கிறார், பழகிய பவர்பாயின்ட்டை விட மனமில்லை என்கிறார் மூன்றாமவர். பிரெசியில் செய்த ஒன்றைப் பயிற்சியில் பார்த்துவிட்டு வந்தவர்கள் அதையே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

எது அழகாகக் காட்டும் என்று பார்த்துக் கருவியைத் தேர்ந்தெடுத்தால் இந்தப் பாடம் தோற்றுப்போகும். ஒரு நிகழ்வை இடம் மாற்றி வைத்து, "இப்போது கதை என்ன ஆகிறது?" என்று கேட்கும்போதுதான் கதையின் அமைப்பு பிள்ளைகளுக்குப் புரிகிறது. எந்தக் கருவியில் பிள்ளைகளின் கை எளிதாகப் போகிறதோ அதுவே இதற்கான கருவி. கீழே உள்ள ஒப்பீடு முழுவதும் இந்த ஒரு நிலைப்பாட்டிலிருந்து எழுதப்பட்டது.

## அளவுகோல்கள்

நகர்த்த முடியுமா? பாட்டி வடை சுட்ட கதையை எடுத்துக்கொள்ளுங்கள். பாட்டி வடை சுடுகிறாள், காகம் தூக்குகிறது, நரி பாடச் சொல்கிறது, காகம் வாயைத் திறக்கிறது, வடை விழுகிறது, நரி ஓடுகிறது. இதை ஆறு ஸ்லைடாக வரிசையாகக் காட்டினால் பிள்ளைகள் தலையாட்டுவார்கள், ஒன்றும் கற்றிருக்க மாட்டார்கள். ஆறையும் தனித்தனி அட்டையாக்கிக் கலைத்துப் போட்டு அடுக்கச் சொன்னால் காரண காரியம் வெளியே வருகிறது. வடையைக் காலுக்கடியில் வைத்துக்கொண்டு காகம் பாடும் இன்னொரு வடிவம் எல்லாருக்கும் தெரியும். அந்த ஒரு அட்டையை மாற்றினாலே அதற்குப் பின்னால் உள்ளவை எல்லாம் செல்லாமல் போகின்றன. பின்னல் என்பதை இதைவிடச் சுருக்கமாக விளக்க முடியாது.

கதையின் வளைவு ஒரே பார்வையில் தெரிகிறதா? ஸ்லைடு ஒன்றன்பின் ஒன்றாக வரும். வரிசை தெரியும், ஏற்ற இறக்கம் தெரியாது. தொடக்கம், வளர்ச்சி, உச்சம், இறக்கம், முடிவு எல்லாம் ஒரே திரையில் கோடாகத் தெரிய வேண்டும்.

அந்தக் கோட்டைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இணையத்தில் கிடைக்கும் வார்ப்புருக்களில் பெரும்பாலானவை நடுவில் உச்சி வைத்த சமச்சீர் முக்கோணம். ஜெர்மானியரான குஸ்தாவ் ஃப்ரைடாக் 1863-இல் ஐந்து அங்க நாடகங்களை ஆராய்ந்து வகுத்த அமைப்பிலிருந்து வந்தது அது. நாம் பாடத்தில் நடத்தும் சிறுகதைகளில் உச்சம் கடைசிக்கு மிக அருகில் வருகிறது. சமச்சீர் முக்கோணத்தைக் கொடுத்தால், இறக்கத்தில் வைக்க ஒன்றுமில்லாமல் பிள்ளைகள் எதையாவது இட்டு நிரப்புவார்கள். உச்சியை நீளத்தில் முக்கால் பங்குக்குத் தள்ளி வரையுங்கள். நம் மரபிலேயே ஐந்து பகுப்பு இருக்கிறது. சிலப்பதிகார உரையில் அடியார்க்கு நல்லார் நாடகத்தின் ஐந்து சந்திகளைச் சொல்கிறார்: முகம், பிரதிமுகம், கருப்பம், விளைவு, துய்த்தல். உழுத நிலத்தில் விதை முளைப்பது, இலை விட்டு நாற்றாவது, கதிர் கருக்கொள்வது, விளைந்து முற்றுவது, அறுத்து உண்பது என்ற வரிசை. வயலைப் பார்த்து வளரும் பிள்ளைக்கு, கதையின் தொடக்க அறிமுகத்தை 'எக்ஸ்பொசிஷன்' என்பதைவிட இது உடனே பிடிபடும். இதில் விளைவு நான்காவதாக வருவதால் உச்சத்தைப் பின்னால் தள்ளிய கோட்டோடும் பொருந்தும்.

தமிழ் உடையாமல் இருக்குமா? எழுத்துரு மாறினால் வரி உடையும், அட்டையை மீறி எழுத்து வழியும். இதுதான் அதிக நேரம் தின்னும் மறைமுகச் செலவு.

இணையம் போனால்? நாற்பத்தைந்து நிமிட வகுப்பில் பத்து நிமிடம் சுழலும் வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் பாடம் போச்சு.

கணக்கும் அனுமதியும். இந்தியாவின் 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாதவர்கள் அனைவரையும் குழந்தைகள் என்றே கொள்கிறது. அவர்களின் தரவைக் கையாளப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்கிறது. பிள்ளைகளைத் தனித்தனியாகக் கணக்குத் தொடங்க வைக்காமல் நடத்த முடிகிற கருவிக்குக் கூடுதல் மதிப்பெண் தரலாம்.

நாளை இருக்குமா? கூகுளின் இணைய வெண்பலகையான ஜாம்போர்டை நம்பி அட்டைப் பலகைகள் செய்து வைத்தவர்கள் ஏராளம். 2024 டிசம்பர் 31-உடன் அது மூடப்பட்டது. ஃப்ளாஷ் தொழில்நுட்பம் 2020 முடிவில் நின்றபோது பிரெசியின் பழைய வடிவத்தில் செய்தவர்களுக்கும் இதே கதிதான். எந்தக் கருவியானாலும், அட்டைகளின் வாசகங்களை யூனிகோடில் ஒரு சாதாரண உரைக் கோப்பாகவும், வளைவை ஒரு படமாகவும் தனியே வைத்திருங்கள். புதிய கருவிக்கு மாறுவது அரை மணி நேர வேலையாக முடிந்துவிடும்.

## கூகுள் ஸ்லைட்ஸ்

இந்தப் பாடத்துக்கு முதல் தேர்வு இதுதான். வகுப்பு முழுவதும் ஒரே கோப்பில் ஒரே நேரத்தில் வேலை செய்யலாம். ஒரே சமயத்தில் 100 பேர் வரை திருத்த இடம் தருகிறது. இணைப்பு உள்ள எவரும் திருத்தலாம் என்று வைத்தால், கணினி உலாவியில் பிள்ளைகள் கணக்கே இல்லாமல் வேலை செய்ய முடியும்.

தயாரிப்பு இப்படி. முதலில் ஸ்லைடுகளின் அடிப்படை வடிவத்தைத் திருத்தும் தீம் பில்டரைத் திறந்து, ஒரு வெற்று லேஅவுட்டில் வளைவை வரையுங்கள். அங்கே வரைந்தால் ஸ்லைடில் பிள்ளைகள் அதைத் தொட முடியாது. சாதாரண ஸ்லைடிலேயே வரைந்துவிட்டால் முதல் இரண்டு நிமிடத்திலேயே யாராவது வளைவைப் பிடித்து இழுத்துவிடுவார்கள். வளைவின் கீழே ஐந்து நிலைகளின் பெயர். பிறகு நிகழ்வு அட்டைகள்: பத்து அல்லது பன்னிரண்டு, ஒவ்வொன்றிலும் ஆறு சொல்லுக்கு மேல் வேண்டாம், எழுத்தளவு 18க்குக் குறைய வேண்டாம். அட்டைகளை ஸ்லைடின் எல்லைக்கு வெளியே, இடது பக்கச் சாம்பல் நிற இடத்தில் அடுக்கி வையுங்கள். திருத்தும் திரையில் தெரியும். பிள்ளைகள் ஒவ்வொன்றாக உள்ளே இழுத்துக்கொள்வார்கள். இத்துடன் "அதனால்", "ஆனால்" என்று எழுதிய சிறு அம்புகள் ஆறேழு. இரண்டு அட்டைகளுக்கு நடுவே இந்த இரண்டில் எதையும் வைக்க முடியாமல் "பிறகு" என்று மட்டும்தான் சொல்ல முடிகிறது என்றால், அங்கே பின்னல் தளர்ந்திருக்கிறது. எந்தக் கோட்பாட்டு விளக்கமும் இல்லாமல் ஏழாம் வகுப்புப் பிள்ளை இதைக் கண்டுபிடித்துவிடும்.

ஸ்லைடு தயாரானதும் எட்டு நகல் எடுத்து, மேலே குழு எண்ணை இடுங்கள். ஐவர் கொண்ட எட்டுக் குழு, குழுவுக்கொரு ஸ்லைடு. அட்டைகளை முன்கூட்டியே தட்டச்சு செய்து கொடுத்துவிடுவது அவசியம். தமிழ்99 விசைப்பலகை பழகாத பிள்ளைகளைத் தட்டச்சு செய்யவிட்டால் வகுப்பு முழுவதும் அதிலேயே கழியும்.

பிள்ளைகள் உண்மையில் சூடாவது உச்சம் எது என்ற வாதத்தில்தான். சிலப்பதிகாரத்தின் மதுரைப் பகுதிக்கு அட்டைகள் போட்டுப் பாருங்கள்: பொற்கொல்லன் பழி சுமத்துவது, கோவலன் வெட்டுண்பது, கண்ணகி அரசவையில் சிலம்பை உடைக்க மாணிக்கப் பரல் தெறிப்பது, பாண்டியன் உயிர் விடுவது, மதுரை எரிவது. சில குழுக்கள் கொலையை உச்சத்தில் வைக்கும், சில பரல் தெறிப்பதை, சில நெருப்பை. எட்டு ஸ்லைடுகளையும் கிரிட் வியூவில் ஒரே திரையில் காட்டினால் வகுப்பு இரண்டு மூன்று கட்சியாகப் பிரிவது கண்முன் தெரியும். "எதற்குப் பிறகு கதை திரும்ப முடியாது?" என்று மட்டும் கேளுங்கள். சிலம்பில் முத்தா மாணிக்கமா என்ற கேள்விக்கு விடை தெரிவது அந்த உடைப்பில்தான் என்று சொல்லும் குழு ஒன்று இருக்கும். பெரும் இழப்பு அதற்கு முன்பே நேர்ந்துவிட்டது என்று எதிர்க்கும் குழுவும் இருக்கும். இரண்டுமே ஏற்கத்தக்க வாதங்கள். ஸ்லைடின் ஓரத்தில் கருத்துரையாகக் காரணத்தை எழுத வைத்தால் மதிப்பிடவும் வசதி.

தவறுவது எங்கே? ஒன்று, காட்சி முறையில் அட்டைகள் நகராது. 'பிரசன்ட்' பொத்தானை அழுத்திவிட்டு ஸ்மார்ட் போர்டில் அட்டையை இழுத்துப் பார்த்து, போர்டு பழுது என்று நினைத்துவிடுகிறார்கள். திருத்தும் திரையிலேயே வைத்து, ஓரப் பட்டைகளை மூடிவிட்டுக் காட்டுங்கள். இது நான்கு கருவிகளுக்கும் பொருந்தும்.

இரண்டு, ஒரு குழு இன்னொரு குழுவின் ஸ்லைடை அழித்துவிடும். பதறிப்போய்ப் பழைய பதிப்புக்கு முழுக் கோப்பையும் திருப்பினால் மற்ற ஏழு குழுக்கள் அதன்பின் செய்த வேலையும் போய்விடும். பதிப்பு வரலாற்றில் பழைய பதிப்பை நகலாகத் திறந்து, இழந்த ஸ்லைடை மட்டும் ஒட்டுங்கள். கணக்கில்லாமல் நுழைந்தவர்கள் வரலாற்றில் பெயரில்லாமல்தான் பதிவாவார்கள்; யார் செய்தது என்று தேட முடியாது. குழு எண்ணும் இருக்கையும் உங்கள் குறிப்பேட்டில் இருக்கட்டும்.

மூன்று, செல்பேசி. அதில் திருத்த செயலி வேண்டும், செயலிக்குக் கணக்கு வேண்டும், சிறு திரையில் பன்னிரண்டு அட்டை நகர்த்துவது விரலுக்குக் கொடுமை. வீட்டுப்பாடமாகச் செல்பேசியில் கொடுப்பதானால் அட்டை வேண்டாம். ஒரு நிகழ்வுக்கு ஒரு ஸ்லைடு வைத்து, ஸ்லைடு வரிசையை மாற்றச் சொல்லுங்கள்.

ஆளுக்கொரு பிரதி தேவைப்பட்டால் இணைப்பு முகவரியின் முடிவில் 'எடிட்' என்றிருக்கும் ஆங்கிலச் சொல்லையும் அதன் பின்னால் வருவதையும் அழித்துவிட்டு அங்கே ஆங்கிலத்தில் 'காப்பி' என்று அடித்து அனுப்புங்கள். திறப்பவரிடம் நகல் எடுக்கவா என்று கேட்கும். இதற்கு அவர்களிடம் கணக்கு இருக்க வேண்டும்.

தமிழ் எழுத்துருவில் இங்கே தொல்லை குறைவு. நோட்டோ சான்ஸ் தமிழ், கேட்டமரன், முக்த மலர் போன்றவை இணையத்திலிருந்தே வருவதால் எந்தக் கணினியில் திறந்தாலும் ஒரே மாதிரி இருக்கும்.

## கேன்வா

படக்கதைப் பலகை, காட்சி வரிசை, சுவரொட்டி எல்லாவற்றுக்கும் ஆயத்த வடிவங்கள் குவிந்திருக்கின்றன. பிள்ளைகள் தாங்களே கதை இயற்றி, ஐந்து நிலைகளுக்கும் படம் போட்டுக் காட்ட வேண்டும் என்றால் கேன்வாவை மிஞ்ச மற்ற மூன்றாலும் முடியாது. அதன் ஒயிட்போர்டு எல்லையில்லாமல் விரியும். ஒட்டுத்தாள்களும் நேரங்காட்டியும் உண்டு. உச்சம் பற்றிய வாதத்தை அதில் நன்றாகவே நடத்தலாம்.

பள்ளி ஆசிரியர்களுக்குக் கல்விப் பதிப்பு இலவசம். பணியாற்றும் சான்றைப் பதிவேற்றி ஒப்புதலுக்குக் காத்திருக்க வேண்டும். பாடத்துக்கு முந்தின நாள் விண்ணப்பித்தால் கைக்கு வராது. அங்கீகாரம் பெற்ற பள்ளிகளுக்கான திட்டம் இது என்பதால், வெளிநாடுகளில் கோயில் கூடத்திலும் சமூக மன்றத்திலும் நடக்கும் வாரயிறுதித் தமிழ் வகுப்புகள் இதை நம்பித் திட்டமிடக் கூடாது. இலவசப் பதிப்பில் செய்தால், கட்டணப் படங்களைப் பிள்ளை ஆசையாகச் சேர்த்தபின் அவற்றின் மேல் நீர்க்குறி நிற்கும்.

பெரிய மறைமுகச் செலவு கவனம். "நரிக்கு எந்தப் படம்?" என்பதில் இருபது நிமிடம் போகும், நரி எதற்காகப் புகழ்ந்தது என்ற கேள்விக்கு நேரம் இருக்காது. இதற்கு ஒரு தடுப்பு உண்டு: முதல் வகுப்பில் கறுப்பு வெள்ளை அட்டைகள் மட்டும், பின்னல் உறுதியான பிறகு அடுத்த வகுப்பில் படம். வரிசையை மாற்றினால் படம் அழகாகும், கதை ஓட்டையாகும்.

வளைவைப் பூட்டி வைக்கலாம். ஆனால் திருத்தும் உரிமை உள்ள எவரும் பூட்டைத் திறக்கலாம். வளைவைப் படமாக்கிப் பின்னணியாக வைப்பது இதைவிடப் பரவாயில்லை. ஆங்கிலத் தலைப்புகளுக்காகச் செய்த வார்ப்புருவில் தமிழைப் போட்டால் அந்த எழுத்துருவில் தமிழ் இருக்காது. வேறொன்று வந்து உட்காரும், கொம்பும் காலும் வரியில் முட்டும். வார்ப்புருவைத் திறந்தவுடன் எல்லாப் பெட்டிகளுக்கும் ஒரு தமிழ் எழுத்துருவை வைத்துவிட்டு, வரி இடைவெளியைக் கூட்டுங்கள். மற்ற வேலையெல்லாம் அதன் பிறகு.

## பவர்பாயின்ட்

இணையம் நம்ப முடியாத இடத்தில் இதற்கு மாற்றில்லை. கோப்பு கையில் இருக்கும், மின்சாரம் இருந்தால் வகுப்பு நடக்கும். ஸ்லைடு மாஸ்டரில் வளைவை வரைந்துவிட்டால் அசையாது. 2019 பதிப்பிலிருந்து உள்ள 'செக்ஷன் ஜூம்' ஒரு நல்ல வசதி: முழு வளைவும் உள்ள ஒரு ஸ்லைடிலிருந்து எந்த நிலையையும் தொட்டு உள்ளே போய், மீண்டும் முழு வளைவுக்கே திரும்பலாம். ஆசிரியர் விளக்கும் பத்து நிமிடத்துக்கு இது அருமை.

கூட்டாகத் திருத்த ஒன்டிரைவில் ஏற்றி, இலவச இணையப் பதிப்பில் பகிரலாம். அப்படிச் செய்தால் கூகுள் ஸ்லைட்ஸின் வசதி பெரும்பாலும் கிடைக்கும். இணையத் தேவையும் வந்துவிடும். இலவச இடம் 5 ஜிபி. கூகுள் கணக்கில் 15 ஜிபி, ஆனால் அது மின்னஞ்சலுக்கும் படங்களுக்கும் சேர்த்து.

இணையமில்லாமல் பென்டிரைவில் நடத்தினால் கோப்புகள் எட்டாகப் பிரியும். எல்லாக் குழுவும் ஒரே பெயரில் சேமித்து, ஒன்றன்மேல் ஒன்று விழுந்து, கடைசிக் குழுவின் வேலை மட்டும் மிஞ்சும். கோப்பின் பெயரில் குழு எண்ணைச் சேர்த்தே முன்கூட்டி எட்டு நகல் போட்டுக் கொடுங்கள். வகுப்பு முடிந்ததும் எட்டையும் ஒரே கோப்பில் சேர்க்கக் கால் மணி நேரம் ஒதுக்க வேண்டும். அடுத்த வகுப்பில் பக்கத்தில் பக்கமாக ஒப்பிட இது இல்லாமல் முடியாது.

எழுத்துரு இங்கேதான் கழுத்தை அறுக்கும். பாமினி, வானவில் போன்ற யூனிகோடு அல்லாத எழுத்துருக்களில் செய்த பழைய பாடங்கள் பல பள்ளிகளில் இருக்கின்றன. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகக் கொட்டும். கூகுள் ஸ்லைட்ஸில் ஏற்றினாலும் அப்படியே. முதலில் யூனிகோடுக்கு மாற்றி, பிறகு பகிருங்கள். விண்டோஸில் உள்ள நிர்மலா யூஐ எழுத்துருவில் செய்தால் மற்ற விண்டோஸ் கணினிகளில் மாறாது. வேறு எழுத்துரு போட்டால் 'எழுத்துருவைக் கோப்பில் பதி' என்ற சேமிப்புத் தேர்வை இடுங்கள். வாட்ஸாப்பில் அனுப்பிச் செல்பேசியில் திறந்தால் எழுத்துரு மாறி அட்டைகள் வழியும். பார்க்க மட்டும் என்றால் பிடிஎஃப் அனுப்புவது நல்லது.

## பிரெசி

ஒரு பெரிய பரப்பில் கதை முழுவதையும் விரித்து, வேண்டிய இடத்துக்குள் பெரிதாக்கிப் போவது இதன் இயல்பு. முழு வளைவையும் காட்டிவிட்டு உச்சத்துக்குள் இறங்கும் காட்சி வலிமையானது. கிளைக்கதைகள் நிறைந்த ஒன்றை, உதாரணமாக மகாபாரதத்தில் ஒரு பருவத்தை, உயர்வகுப்புக்கு விளக்க ஏற்றது.

ஆனால் நகர்த்துவது பெரும்பாலும் ஆசிரியரின் கைதான், பிள்ளைகள் பார்வையாளர்கள். தயாரிக்க நேரம் அதிகம், இலவசப் பதிப்புக்குத் தொடர்ந்த இணையம் வேண்டும், தொடர்ந்து பெரிதாகிச் சிறிதாகும் அசைவு சிலருக்குத் தலைசுற்றும். பவர்பாயின்ட் 2019 அல்லது அதற்குப் பிந்தையது இருந்தால் செக்ஷன் ஜூம் இந்த வேலையின் பெரும்பகுதியைச் செய்துவிடும். இதற்காகக் கட்டணம் கட்டப் பரிந்துரைக்க மாட்டேன்.

ஸ்லைட்ஷேர் பற்றியும் கேட்கிறார்கள். அது செய்து முடித்ததை வெளியிடும் இடம். ஏற்றினால் அசைவூட்டம் செத்துப்போகும், ஒவ்வொரு ஸ்லைடும் படமாக நிற்கும். சக ஆசிரியர்களுக்கு உங்கள் பாடத்தைக் காட்ட ஏற்றலாம். பிள்ளைகளின் பெயரை அழித்துவிட்டு ஏற்றுங்கள். வகுப்பு நடத்த அது உதவாது.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | கூகுள் ஸ்லைட்ஸ் | கேன்வா | பவர்பாயின்ட் | பிரெசி |
|---|---|---|---|---|
| பிள்ளைகள் நகர்த்துவது | மிக எளிது | எளிது | ஒரு கணினிக்கு ஒரு குழு என்றால் எளிது | இல்லை எனலாம் |
| முழு வளைவும் தெரிவது | ஒரே ஸ்லைடில் செய்யலாம் | ஒயிட்போர்டில் நன்று | செக்ஷன் ஜூமில் நன்று | மிக நன்று |
| தமிழ் எழுத்து | நம்பலாம் | வார்ப்புருவில் கவனம் தேவை | எழுத்துருவைப் பொறுத்தது | முன்கூட்டிச் சோதிக்கவும் |
| இணையமின்றி | குரோமில் முன்கூட்டி அமைத்தால் | முடியாது என்றே கொள்ளுங்கள் | முழுமையாக | நம்ப வேண்டாம் |
| பிள்ளைக்குக் கணக்கு | கணினியில் தேவையில்லை | வகுப்பில் சேர்க்க வேண்டும் | பென்டிரைவ் முறையில் தேவையில்லை | பார்ப்பதற்குத் தேவையில்லை |
| மறைமுகச் செலவு | தவறுதலாக அழிவது | அலங்காரத்தில் போகும் நேரம் | எட்டுக் கோப்பைச் சேர்ப்பது | தயாரிக்கும் நேரம் |

## எந்தச் சூழலில் எது

ஆய்வகத்தில் எட்டுக் கணினியும் ஓரளவு இணையமும் இருந்தால் கூகுள் ஸ்லைட்ஸ். இணையம் விட்டுவிட்டு வந்தால் பவர்பாயின்ட்டில் செய்து, வகுப்புக்குப் பிறகு ஆசிரியரே எட்டையும் இணையத்தில் ஏற்றிப் பகிரலாம்.

ஒரு ஸ்மார்ட் போர்டு மட்டும்தான் என்றால் கருவியைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். அட்டைகளைத் தாளில் அச்சிட்டு, வெட்டி, குழுவுக்கு ஓர் உறையில் கொடுங்கள். பெஞ்சில் அடுக்கட்டும். ஒவ்வொரு குழுவிலிருந்தும் ஒருவர் வந்து போர்டில் தங்கள் உச்சத்தை இழுத்து வைக்கட்டும். நாற்பது பேரின் கையும் வேலை செய்யும், திரை ஒன்றே ஒன்றுதான்.

கதை இயற்றும் போட்டி, பள்ளி ஆண்டு மலர், பெற்றோருக்கான கண்காட்சி என்றால் கேன்வா. அப்போதும் பின்னல் அட்டையில் முடிந்திருக்க வேண்டும்.

வெவ்வேறு ஊர்களிலிருந்து பிள்ளைகள் இணையவழியில் சேரும் வகுப்புக்கு மறுபடியும் கூகுள் ஸ்லைட்ஸ்தான். ஆனால் யார் கணினியில், யார் செல்பேசியில் என்று முதல் வகுப்பிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். செல்பேசியில் இருப்பவரைத் தனிக் குழுவாக்காதீர்கள். கணினி உள்ள ஒருவரோடு இணைத்து, எந்த அட்டை எங்கே போக வேண்டும் என்று வாயால் சொல்லும் பொறுப்பைக் கொடுங்கள். காரணத்தையும் அவரே சொல்ல வேண்டியிருப்பதால், பெரும்பாலும் அதிகம் யோசிப்பவர் அவராகத்தான் இருப்பார்.

எதுவானாலும் முந்தின நாள் அதே கணினியில், அதே இணையத்தில், உங்கள் கணக்கிலிருந்து வெளியேறிய நிலையில் இணைப்பைத் திறந்து ஓர் அட்டையை நகர்த்திப் பாருங்கள். அனுமதி கேட்டு நின்றால் பகிர்வு அமைப்பைச் சரிசெய்ய அப்போது நேரம் இருக்கும்.